ஐம்பது பேருக்கு ஒடியல் கூழ்

ஊர்ச் சாப்பாட்டை நம்பித் தொழிலுக்கு வரும் சமையற்காரருக்கு முதற்பாடம் கூழ்தான் என்பேன். வீட்டில் ஆறு பேருக்குக் காய்ச்சுவது வேறு, கிடாரத்தில் ஐம்பது பேருக்குக் காய்ச்சுவது வேறு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள அம்மாச்சி உணவகத்தில் பெண்கள் ஊர்ச் சாப்பாட்டையே தொழிலாக்கி நடத்துகிறார்கள். அங்கே ஒரு காலை நின்று பார்த்தால், இந்தச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வருவார்களா என்ற சந்தேகம் போய்விடும்.

வேலை மாவில் தொடங்குகிறது. பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அது கூழுக்கு உதவாது. கிழங்கு கிண்டும் காலத்திலேயே ஒடியல் காயவைக்கும் வீடுகளோடு கதைத்து, கொஞ்சம் முற்பணம் கொடுத்து, வருசத்துக்குத் தேவையானதை வாங்கிவிட வேண்டும். மாவாக வாங்கி அடுக்காதீர்கள், வண்டு வைத்துவிடும். ஒடியலாகவே வெயில் காட்டி வைத்து, தேவைக்கு மட்டும் மில்லில் திரிப்பது நல்லது.

ஐம்பது பேருக்கு மா 2 கிலோ. அதை நிறையத் தண்ணீரில் கரைத்து ஊறவையுங்கள். மா அடியில் படிந்ததும் மேல்தண்ணீரைச் சரித்து ஊற்றி, புதுத் தண்ணீர் விடுங்கள். மூன்று தரமாவது மாற்ற வேண்டும். கைப்பு அந்தத் தண்ணீரோடுதான் போகும். அவசரத்தில் ஒரு தரத்தோடு விட்டால், எவ்வளவு நண்டு போட்டாலும் கூழ் கைக்கும். பிறகு திருத்த வழியே இல்லை.

கிடாரத்தில் 18 லீற்றர் தண்ணீர் கொதித்ததும் அரைக் கிலோ புழுங்கலரிசியும் ஒன்றரைக் கிலோ பலாக்கொட்டையும் போகும். அவை அரை அவியலானதும் 2 கிலோ மரவள்ளியும் ஒன்றரைக் கிலோ பயற்றங்காயும். மரவள்ளி வேகும்வரை மூட வேண்டாம், அதிலுள்ள நஞ்சு ஆவியோடு வெளியேறட்டும். பிறகு மீன்தலை 4 கிலோ, நண்டு 4 கிலோ, கடைசியாக றால் 2 கிலோ. றாலை முந்திப் போட்டால் ரப்பர்போல ஆகிவிடும்.

மீனுக்கு, யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகரிலோ பாசையூரிலோ ஒரே ஆளிடம் தொடர்ந்து வாங்குங்கள். பாரை, கலவாய்த் தலை என்றால் அவரே எடுத்துவைப்பார். நிலவுக் காலத்து நண்டில் சதை இராது என்பார்கள். வயிற்றுப்புறத்தை விரலால் அமத்திப் பாருங்கள், உள்ளே போனால் வேண்டாம்.

செத்தல் மிளகாய் 150 கிராம், மஞ்சள், உப்பு சேர்த்து அரைத்த கூட்டு அடுத்தது. 400 கிராம் பழப்புளியைக் கரைத்து வடித்து, படிந்த மாவை அந்தப் புளித்தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்து, நெருப்பைக் குறைத்து, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். ஒருவர் ஊற்ற மற்றவர் அகப்பையை அடிவரை விட்டுத் துழாவ வேண்டும். தனி ஆளாகச் செய்தால் அடிப்பிடிக்கும், அந்தக் கருகல் மணம் முழுக் கிடாரத்திலும் ஏறிவிடும். நீங்கள் விரும்பும் பதத்தைவிடச் சற்றுத் தண்ணியாக இருக்கும்போதே முருங்கையிலை போட்டு இறக்குங்கள். ஆற ஆற அது தானாகத் தடிக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் மச்சம் இல்லாத கூழுக்குக் கிடாரமும் அகப்பையும் தனியாக இருக்கட்டும். கழுவினாலும் மீன் மணம் போகாது, விரதக்காரர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கூழைப் பிலாவிலையில் வார்த்துக் கொடுங்கள். உறைப்புக்குக் கடித்துக்கொள்ள, பக்கத்தில் இரண்டு தேங்காய்ச்சொட்டும் வையுங்கள்.