ஹம்மிங்பேர்டின் சிறகை எண்ணிய கோடை: ஐந்து ஃபிளாஷ் வைத்துச் செய்து பார்த்த அனுபவம்

ஏப்ரல் கடைசியில், ஹம்மிங்பேர்டுகள் குடிக்கச் சர்க்கரைத் தண்ணீர் நிரப்பிய ஃபீடரைத் தொங்கவிட்டேன். நாலாம் நாள் காலையில் முதல் ஆண் வந்துவிட்டது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டும் ஹம்மிங்பேர்டு ஒரே இனம்தான், ரூபி த்ரோட்டட் என்பார்கள். எடை மூன்று கிராம் சொச்சம். இந்த உடம்போடு குளிர்காலத்துக்கு மத்திய அமெரிக்கா வரை போய்விட்டுத் திரும்பி வருகிறது. அது வந்து நின்ற அன்று எனக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

போன வருடம் எடுத்த படங்களில் உடம்பு துல்லியமாக இருந்தது. சிறகு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் புகை. அந்தப் புகைதான் பறக்கிற உணர்வைத் தருகிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்குச் சிறகு வேண்டும். இறகுகளை ஒவ்வொன்றாக எண்ண முடிகிற சிறகு.

முதலில் பேப்பரில் கணக்குப் போட்டேன். அந்தரத்தில் நிற்கும்போது இந்தக் குருவி நொடிக்குச் சுமார் 50 தடவை சிறகடிக்கிறது. சிறகு 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீச்சு கிட்டத்தட்ட அரைவட்டம், அதாவது நுனி 12.5 செ.மீ. நகர்கிறது. முன்னே ஒன்று, பின்னே ஒன்று, ஆக ஒரு சிறகடிப்புக்கு 25 செ.மீ. 50-ஆல் பெருக்கினால் நொடிக்கு 12.5 மீட்டர். ஷட்டர் 1/200 நொடி திறந்திருந்தால் நுனி 6 செ.மீ. ஓடிவிடும், சிறகின் நீளத்தைவிட அதிகம்! 1/4000 வைத்தாலும் 3 மி.மீ. இழுபடும். 1/20000 வந்தால்தான் 0.6 மி.மீ. இது சராசரி வேகம். வீச்சின் நடுவில் வேகம் இன்னும் கூடும். இரண்டு முனைகளிலும் சிறகு திரும்பும் கணத்தில் நின்றே போகும். போன வருடம் எப்போதாவது ஒன்றிரண்டு படம் மட்டும் ஓரளவு தெளிவாக வந்தது அந்தத் திருப்பத்தில் மாட்டியதால்தான்.

எலெக்ட்ரானிக் ஷட்டரில் அந்த வேகத்தைக் காட்டும் கேமராக்கள் உண்டு. ஆனால் பெரும்பாலானவை சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் சிறகு வளைந்து விழும், வெளிச்சமும் பத்தாது. அதனால் ஃபிளாஷ். கேமரா மேல் மாட்டுகிற சின்ன ஃபிளாஷில் பவரைக் குறைத்தால், அது எரிகிற நேரம்தான் சுருங்குகிறது. என்னிடம் இருப்பது முழு பவரில் 1/900 நொடி போல எரியும், 1/16 பவரில் 1/10000, 1/32-இல் 1/20000. இருட்டில் அந்த நேரம் மட்டும் வெளிச்சம் இருந்தால், ஷட்டர் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் கவலையில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்டன் 1930-களிலேயே தானே உருவாக்கிய மின் ஃபிளாஷை வைத்து ஹம்மிங்பேர்டுகளைப் படம் எடுத்திருக்கிறார். தத்துவம் அதேதான், அவருக்குப் பெரிய கருவி தேவைப்பட்டது, இன்று உள்ளங்கையில் அடங்குகிறது.

மே மாதம் நாலு ஃபிளாஷோடு ஆரம்பித்தேன். குருவி பயந்துவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் ஃபீடரிலிருந்து 2 மீட்டர் தள்ளி வைத்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து வெளிச்சம் போதவில்லை, பவரை 1/2 வரை ஏற்ற வேண்டியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மறுபடி புகை. 1/2 பவரில் ஃபிளாஷ் கிட்டத்தட்ட 1/1000 நொடி எரியும் என்பது பெட்டியோடு வந்த கையேட்டிலேயே இருந்தது. அதை நான் அப்போதுதான் படித்தேன்.

தீர்வு தூரத்தில் இருந்தது. தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. 2 மீட்டரை 1 மீட்டராக்கி, அதையும் 50 செ.மீ. ஆக்கினால் 16 மடங்கு. அந்த 16 மடங்கையும் பவரில் குறைத்துக்கொள்ளலாம்: 1/2-லிருந்து நேராக 1/32. படத்தில் விழும் வெளிச்சம் அதே அளவு, எரிகிற நேரம் மட்டும் இருபதில் ஒரு பங்கு. இந்தக் கணக்கு கைகூடிய சாயங்காலம் எனக்குப் பெரிய சந்தோஷம்.

குருவி பயப்படுமா என்பதற்கு ஒரு வாரம் ஒதுக்கினேன். முதலில் வெறும் ஸ்டாண்டுகள். இரண்டு நாள் கழித்து, தினம் கொஞ்சமாக உள்ளே நகர்த்தினேன். பிறகு ஃபிளாஷ்களை அணைத்தபடி மாட்டினேன். மூன்றாம் நாள் அந்த ஆண் ஒரு ஃபிளாஷின் தலைமேலேயே உட்கார்ந்து, வருகிற போகிற பெண்களையெல்லாம் துரத்த ஆரம்பித்துவிட்டது. ஃபீடரை நிழல் பக்கம் மாற்றியபோதும் ஒன்று கவனித்தேன்: ஃபீடர் முன்பு தொங்கிய வெற்றிடத்துக்கே வந்து, அந்தரத்தில் நின்று, இல்லாத துளையைத் தேடுகிறது. அலகு சரியாக அந்த உயரத்தில். அதன் பிறகு ஒரு நாளைக்கு அரை மீட்டருக்கு மேல் நகர்த்தவில்லை.

நிழலுக்கு ஏன் மாற்றினேன் என்பதுதான் இந்த முழு முயற்சியின் மையம். ஃபிளாஷைப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகும் படங்களில் சிறகைச் சுற்றி மெல்லிய நிழல் மாதிரி ஒரு ஆவி ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கூர்மையான சிறகு, வெளியே மங்கலான இன்னொரு சிறகு. அது பகல் வெளிச்சம். ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 200, லென்ஸின் திறப்பு எஃப் 16, ஷட்டர் 1/200 என்பது நேரடி வெயிலில் சரியான எக்ஸ்போஷர்! அதாவது ஃபிளாஷே இல்லாமல் முழுப் படம் பதிவாகிவிடும். ஃபிளாஷ் உறையவைக்கிற சிறகின் மேல், வெயில் தன் பங்குக்கு 6 செ.மீ. புகையைப் பூசிவிடுகிறது. ஷட்டரைக் கூட்டலாம் என்றால் கேமராவின் சிங்க் வேகம், அதாவது ஃபிளாஷோடு சேர்ந்து வேலை செய்கிற அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/250-ஐத் தாண்டாது. அந்த வரம்பைத் தாண்டவிடும் ஹை ஸ்பீடு சிங்கை முயன்று பார்த்தேன். அதில் ஃபிளாஷ் ஒரே வெட்டாக எரியாமல் துடித்துத் துடித்து நீண்ட நேரம் எரிவதால் நமக்கு வேண்டிய 1/20000 போய்விடுகிறது.

ஆக, வெயிலை வெளியேற்ற வேண்டும். திறந்த நிழலில் வெளிச்சம் மூன்று ஸ்டாப் குறைந்தது (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி), அது போதவில்லை. வடக்குப் பார்த்த தாழ்வாரக் கூரைக்குக் கீழே கொண்டுபோய், மேலே ஒரு கனமான துணியும் கட்டிய பிறகு ஐந்து ஸ்டாப். இப்போது ஒவ்வொரு நாளும் முதல் வேலை இதுதான்: எல்லா ஃபிளாஷையும் அணைத்துவிட்டு ஒரு படம். திரை முழுக்கக் கறுப்பாக வந்தால்தான் மேற்கொண்டு போவேன். லேசாக எதாவது தெரிந்தால் துணியைச் சரிசெய்வேன், இல்லாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுவேன். யாராவது புதிதாக இதை ஆரம்பிக்கிறார்கள் என்றால் ஃபிளாஷ் வாங்கும் முன் இந்தக் கறுப்புப் படத்தை எடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

பின்னணியும் அப்படியே கறுத்துப் போய், குருவி நள்ளிரவில் பறக்கிற மாதிரி இருந்தது. அதற்கு, மங்கலாக எடுத்த செடிகொடிப் படம் ஒன்றை 60×90 செ.மீ.யில் அச்சிட்டு, ஃபீடருக்கு 80 செ.மீ. பின்னால் நிறுத்தி, நாலு ஃபிளாஷில் ஒன்றை அதற்கென்று ஒதுக்கினேன். பளபளப்புத் தாள் எடுபடவில்லை, நடுவில் வெள்ளைத் திட்டு விழுகிறது. மேட் தாள்தான்.

ஃபிளாஷ்களை எரியவைக்க முதலில் ஆப்டிகல் முறை, அதாவது ஒன்றின் வெளிச்சத்தைப் பார்த்து மற்றவை எரிவது. வெளிச்சமான நாளில் ஒன்றிரண்டு தூங்கிவிடும். ரேடியோ டிரிக்கருக்கு மாறினேன். 1/250-இல் படத்தின் ஒரு ஓரத்தில் கறுப்புப் பட்டை வந்தது. 1/200-க்கு இறக்கியதும் போய்விட்டது. இன்னொன்று, ஃபிளாஷின் ஆட்டோ ஆஃப் வசதியை மெனுவில் நிறுத்திவிடுங்கள். இருபது நிமிடம் அசையாமல் காத்திருந்து, குருவி வந்து நிற்கும்போது வலப்பக்க ஃபிளாஷ் மட்டும் எரியாமல் போன அந்தப் படம் இன்னும் மனதில் இருக்கிறது.

அப்புறம் ஃபோகஸ். இந்தக் குருவி குடித்துவிட்டு 10, 15 செ.மீ. பின்னால் வந்து, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, மறுபடி உள்ளே போகும். அந்த இடம் ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஃபீடரின் மற்ற துளைகளை டேப்பால் மூடி ஒரே துளையை விட்டேன். 300 மி.மீ. லென்ஸ், 2 மீட்டர் தூரம், மேனுவல் ஃபோகஸ் அந்த வெற்றிடத்தில். எஃப் 16-இலும் தெளிவாக விழும் ஆழம் மூன்று சொச்சம் செ.மீ.தான். சிறகு விரிப்பு அதைவிட மூன்று மடங்கு இருப்பதால், குருவி பக்கவாட்டில் நிற்கும்போது கண் தெளிவாக விழுந்தால் பக்கத்துச் சிறகு தெளிவாக விழாது. முக்கால்வாசி திரும்பி, சிறகு பின்னால் சாய்ந்த கணங்கள்தான் எனக்குச் சரிப்பட்டன.

ஜூன் 20-ஆம் தேதி வாக்கில் அந்தப் படம் கிடைத்தது. ஒரு பெண் குருவி, ஹனிசக்கிள் பூவை விட்டுப் பின்வாங்குகிறது, நாக்கு நுனி இன்னும் வெளியே. இடது சிறகை முழு அளவில் பெரிதாக்கி, கை விரலைத் திரையில் வைத்து எண்ணினேன். வெளிப்புறத்துப் பெரிய இறகுகள் பத்து. பத்தும் தனித்தனியாக, ஒவ்வொன்றின் நடுத்தண்டும் கோடு போட்ட மாதிரி. அடுத்த படத்தில் சிறகு பின்வீச்சில் இருக்கிறது; அடிப்பக்கம் வானத்தைப் பார்த்துப் புரண்டு கிடக்கிறது. தோள்பட்டையிலேயே சிறகைத் திருப்பிப் போடுகிறது இந்தக் குருவி, அதனால்தான் பின்வீச்சிலும் அதற்குத் தூக்குவிசை கிடைக்கிறது. படித்திருக்கிறேன், ஆனால் புரண்ட சிறகைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

ஆண் குருவியின் கழுத்து மட்டும் அடம்பிடித்தது. நேரில் கங்கு மாதிரி சிவப்பு, படத்தில் கரி. அந்தச் சிவப்பு சாயம் இல்லை; இறகுக்குள் காற்று அடைத்த நுண்ணிய தட்டுகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது, ஒரு கோணத்தில்தான் தெரியும். டூபாண்ட் (DuPont) என்ற அமெரிக்க ரசாயன நிறுவனத்தின் தலைவராக இருந்த கிராஃபோர்டு கிரீன்வால்ட், ஹம்மிங்பேர்டுகளை அதிவேக ஃபிளாஷில் படம் எடுத்தவர், 1960-இல் இந்த நிறத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். என் ஃபிளாஷ்கள் எல்லாம் பக்கவாட்டில் இருந்தன. அவற்றின் ஒளி திரும்பி லென்ஸுக்கு வரவில்லை, வேறெங்கோ போயிற்று. ஐந்தாவதாக ஒன்று வாங்கி, லென்ஸின் கோட்டை ஒட்டிச் சற்று மேலே, குருவிக்கு அரை மீட்டரில் வைத்தேன். கழுத்து பற்றிக்கொண்டது. அதற்கு விலையாக, கண்ணில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். மேலே உள்ள ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடிட்டிங்கில் அழிக்கிறேன். இதை மறைக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம், கேட்டால் சொல்லிவிடுவேன்.

குருவியின் நலன் பற்றிச் சுருக்கமாக. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர், சாயம் கூடாது, தேன் கூடாது, வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை கழுவி மாற்ற வேண்டும். இவ்வளவு குறைந்த பவரில் என் குருவிகள் ஃபிளாஷைச் சட்டை செய்யவில்லை. ஆனாலும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் எடுப்பேன். சூரியன் இறங்கும் நேரத்தில் எடுக்கவே மாட்டேன், அப்போது அது ராத்திரிக்கு வேண்டியதைக் குடித்து நிரப்பிக்கொள்கிறது. கூட்டின் பக்கம் ஃபிளாஷைக் கொண்டுபோவதில்லை.

ஆகஸ்டிலேயே பெரிய ஆண்கள் கிளம்பிவிட்டன. செப்டம்பரில் வந்தவையெல்லாம் பெண்களும் இந்த வருடத்துக் குஞ்சுகளும்தான். அதில் ஒரு இளம் ஆண், கழுத்தில் கோடு கோடாகப் பழுப்பு, நடுவில் ஒரே ஒரு சிவப்பு இறகு முளைத்திருந்தது. நேரில் பார்த்தபோது எனக்குத் தெரியவில்லை. ஐந்தாவது ஃபிளாஷ் சரியான கோணத்தில் பட்ட ஒரு படத்தில், கடுகளவு நெருப்புத் துளி மாதிரி அது மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் காத்திருந்து பார்த்தேன், அந்தக் குருவி வரவில்லை. ஃபீடரை இன்னும் எடுக்கவில்லை.