சொன்ன நாளில் வந்த பணம்

கோவை.கோ என்னும் மென்பொருள் நிறுவனம் 140 ஊழியர்களுக்கு 14.5 கோடி ரூபாய் போனஸ் வழங்குகிறது என்ற செய்தி 2025 தொடக்கத்தில் வந்தபோது, எங்கள் ஊரில் எல்லோரும் தொகையைத்தான் பேசினார்கள். என் மனத்தில் தங்கியது, அது 2022-லேயே கொடுத்த வாக்கு என்பதுதான். அந்த ஆண்டு முடிவதற்குள் சேர்ந்தவர்கள் மூன்றாண்டு பணியாற்றினால் ஓராண்டுச் சம்பளத்தில் பாதி கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள்; தவணை வந்ததும், முதற்கட்டமாக எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு ஜனவரிச் சம்பளத்தோடு சேர்த்தே கொடுத்துவிட்டார்கள்.

நிறுவனர் சரவணகுமார் கோவைக்காரர். இங்கிலாந்தில் நிரலாளராக இருந்த காலத்தில், வெவ்வேறு மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் மைக்ரோசாஃப்டின் பிஸ்டாக் சர்வரைக் கண்காணிப்பதிலுள்ள சிரமத்தைத் தன் வேலையிலேயே பார்த்து, அதற்கென பிஸ்டாக்360 என்ற மென்பொருளை உருவாக்கினார். 2011-இல் தொடங்கிய நிறுவனம், பிறர் முதலீட்டை எதிர்பாராமல், விற்று வந்த காசிலேயே வளர்ந்தது.

இத்துறையில் ஊழியர்களுக்குப் பங்கு கொடுப்பதே வழக்கம். நிறுவனம் பங்குச் சந்தைக்கு வரும் வரையிலோ வெளி முதலீடு பெறும் வரையிலோ அது வெறும் காகிதப் பணம் என்பதால், ரொக்கமாகவே கொடுக்க முடிவெடுத்ததாக அவர் விளக்கினார். இதை நான் அனுபவத்தில் அறிந்தவன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் எனக்கும் ஒரு பங்குக் கடிதம் தந்தார்கள். முப்பது ஆண்டுகள் நூற்பாலையில் உழைத்த என் அப்பா, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, "இதைய வித்தா எவன் வாங்குவான் சாமி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த நிறுவனம் பின்னர் மூடப்பட்டது. கடிதம் மட்டும் பீரோவில் இருக்கிறது.

போனஸ் என்ற சொல்லுக்குக் கொங்கு நாட்டில் தனி எடை உண்டு. புரட்டாசி கடைசியிலேயே ஆலை வாசல் டீக்கடைகளில் "எத்தனை பர்சன்ட்?" என்ற கேள்வி எழுந்துவிடும், தொழிற்சங்கமும் நிர்வாகமும் பேசி முடித்த பிறகுதான் எங்கள் வீட்டில் தீபாவளித் துணியைப் பற்றிய பேச்சே வரும். சட்டம் போனஸுக்குக் குறைந்தபட்சமாக வைத்த, ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு என்பது ஒரு மாதச் சம்பளம். மேல் வரம்பு 20 விழுக்காடு. கோவை.கோ கொடுத்ததோ எந்தச் சட்டமும் கேட்காத 50 விழுக்காடு, அதாவது ஆறு மாதச் சம்பளம். மூன்றாண்டு காத்திருக்க வைப்பதைச் சிலர் குறையாகச் சொல்லக்கூடும். நிரந்தர ஊழியரிடம் பணிக்கொடைக்கே (கிராஜுவிட்டி) ஐந்தாண்டு கேட்கும் நாட்டில் எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. நிபந்தனையும் தேதியும் முன்கூட்டியே தெரிந்திருந்தன.

செய்தித்தாளை அப்பாவிடம் காட்டினேன். தொகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"சொன்ன நாளைக்கே குடுத்துப்போட்டாங்களா?"

"குடுத்துட்டாங்கப்பா."

அடுப்படியில் இருந்த அம்மாவை அழைத்து உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து நிதானமாக வாசித்துக் காட்டினார்.