அடித்த வரி

"இந்த வரியை ஏன் அடிச்சுட்ட?"

"பொய்யா தோணுச்சு மிஸ்."

தாத்தாவைப் பற்றிய கட்டுரை. 'மிகவும் அன்பானவர்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'கோபம் வந்தால் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்' என்று மாற்றியிருந்தாள் என் மாணவி.

அடித்த வரியைத்தான் சாட்ஜிபிடி எழுதியிருக்கும்.

அதனால்தான் இப்போதெல்லாம் முதல் வரைவையும் கேட்டு வாங்குகிறேன்.

'ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கே, அதில் போட்டுப் பாருங்க' என்கிறார்கள் சக ஆசிரியர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயே அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை!

அதே ஆண்டு வந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு இன்னும் மோசம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேலானவற்றை 'இயந்திரம் எழுதியது' என்று இதுபோன்ற கருவிகள் சொல்லியிருக்கின்றன.

இதை நம்பி ஒரு பிள்ளையைத் திருடன் என்பதா?

வரைவைக் காட்டு. ஏஐயிடம் எதற்கு உதவி வாங்கினாய் என்று ஓரத்தில் எழுது. பிறகு என்னோடு ரெண்டு நிமிஷம் பேசு. அவ்வளவுதான். தானே எழுதாதவன் பெரும்பாலும் ரெண்டாவது கேள்வியிலேயே விழிப்பான்.

வகுப்பு முழுக்க இப்படிப் பேச நேரம் ஏது என்பீர்கள். கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்.