ரோமில் நான்கு நாள், கையைக் கடிக்காமல்

ஃபியூமிசினோ விமான நிலையத்தில் இறங்கியதும் எல்லாரும் லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயிலைத்தான் தேடி ஓடுகிறார்கள். டிக்கெட் 14 யூரோ. அதே ஸ்டேஷனில் எஃப்.எல்.1 என்ற பாசஞ்சர் ரயிலும் நிற்கும், 8 யூரோதான். தெர்மினி மெயின் ஸ்டேஷனுக்குப் போகாது என்பதால் பலர் அதைச் சீந்துவதில்லை. நான் அதில் ஏறி திராஸ்தேவரே ஸ்டேஷனில் இறங்கி, 8ஆம் எண் டிராம் பிடித்து ஊருக்குள் போனேன். ஒன்று, காகித டிக்கெட் என்றால் ரயில் ஏறுமுன் மெஷினில் செருகி முத்திரை குத்திவிடுங்கள். மறந்து மாட்டினால், மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு அபராதம்.

இவ்வளவு கணக்குப் பார்த்தவன் ஏமாந்தது காபியில். பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலின் எதிரே நாற்காலி காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டேன். உத்தரணி அளவு எஸ்பிரெஸ்ஸோவுக்கு 5 யூரோ! மறுநாள் இரண்டு தெரு தள்ளி, கவுண்டரில் நின்றபடி குடித்தேன், ஒன்றேகால் யூரோ. நாற்காலிக்குத்தான் அந்தக் காசு. அப்புறம் சாப்பாட்டுக்கும் உட்காரவே இல்லை. துண்டு பிட்சா கடையில் கத்தியை வைத்து ‘இவ்வளவா?’ என்பதுபோல் பார்ப்பார்கள். கையைக் காட்டினால் வெட்டி, எடை போட்டுத் தந்துவிடுவார்கள்.

தண்ணீருக்குச் செலவே இல்லை. 1874 முதல் வைத்துவரும் ‘நசோனே’ என்ற தெருவோரக் குடிநீர் இரும்புக் குழாய்கள் சுமார் 2,500 இருக்கின்றன, ராத்திரி பகலாகக் கொட்டுகின்றன. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். முதல் தடவை என் சட்டைதான் குடித்தது.

கொலோசியம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். எனக்கு அந்த நாள் வாய்க்கவில்லை, வெளியே சுற்றிப் பார்த்ததோடு சரி. பெரிய வருத்தமும் இல்லை. காரணம், சான் லூய்ஜி தேய் ஃபிரான்சேசி தேவாலயம். அனுமதி இலவசம். உள்ளே ஓவியர் கரவாஜ்ஜோ இயேசுவின் சீடர் மத்தேயுவைப் பற்றி வரைந்த ஓவியங்கள் மூன்று, ஆனால் இருட்டு. பக்கத்துப் பெட்டியில் நாணயம் போட்டால்தான் விளக்கு எரியும். போட்டேன். ஒரு ஓவியத்தில், மேசையில் குனிந்து காசு எண்ணும் இளைஞன், வலப்புறமிருந்து சாய்வாக விழும் வெளிச்சம், இயேசுவின் நீட்டிய கை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. சுற்றி நின்ற பத்துப் பேரும் அசையவில்லை, அவரவர் கை அவரவர் பையில். கடைசியில் ஒரு பாட்டி முணுமுணுத்தபடி அடுத்த நாணயத்தைப் போட்டார்.