எங்கள் ஊர் படிவம் சி போட்ட கதை

நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் இருளர் ஊர் எங்களுடையது. மேலே தேயிலைத் தோட்டம், கீழே காடு. வன உரிமைச் சட்டம் என்றால் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் பட்டா தரும் சட்டம் என்றுதான் மலையில் பெரும்பாலும் பேச்சு. அது தவறில்லை. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்து பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பம் 4 ஹெக்டேர் வரை தனி உரிமை கேட்கலாம். அதற்குப் படிவம் ஏ. ஆனால் நாங்கள் தின்று வளர்ந்தது தோட்டத்தில் விளைந்ததை மட்டும் இல்லை. கிழங்கு, கீரை, காளான், தேன், மூங்கில் குருத்து எல்லாம் ஊரைச் சுற்றியுள்ள காட்டிலிருந்து வந்தவை. அந்தக் காட்டைப் பயன்படுத்த, காக்க, நிர்வகிக்க ஊர் முழுவதற்கும் சேர்த்து உரிமை கேட்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. சமூக வன வள உரிமை என்று அதற்குப் பெயர், விண்ணப்பம் படிவம் சி. அதைப் போட்டு உரிமைச் சான்று கைக்கு வரும்வரை நடந்ததை எழுதுகிறேன். நான் சமுதாய வானொலியில் நிகழ்ச்சி தயாரிக்கிறவள், ஊரின் வன உரிமைக் குழுவிலும் இருக்கிறேன். இரண்டும் ஒரே வேலையாக மாறியதுதான் இந்த அனுபவத்தில் எனக்கு முக்கியம்.

முதலில் தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டம் 2006-ல் நிறைவேறியது, விதிகள் 2008 ஜனவரியில் வந்தன. ஆனால் அதே 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் யாருக்கும் உரிமைச் சான்று தர முடியவில்லை. உயர் நீதிமன்றத்திடம் அனுமதி வாங்கித்தான் தரவேண்டும் என்று இருந்தது. உச்ச நீதிமன்றம் 2016-ல் அதை நீக்கியது. பக்கத்துக் கர்நாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலைச் சோளிகர் பழங்குடியினர் 2011-லேயே புலிகள் காப்பகத்துக்குள் சமூக வன உரிமை வாங்கிவிட்டார்கள். அந்தச் செய்தி எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தபோது பெரியவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அவங்களுக்குக் கொடுக்கிறாங்கன்னா நமக்கு ஏன் இல்லை?"

வானொலியில் நான் செய்துகொண்டிருந்தது சாப்பாட்டு நிகழ்ச்சி. வாரம் ஒரு பாட்டி வீட்டுக்குப் போவேன், அடுப்படியில் உட்கார்ந்து பேசுவேன், இருள மொழியிலேயே ஒலிபரப்புவோம். கொத்திப் பயிர் செய்த கொத்துக்காட்டில் சாமையும் தினையும் ராகியும் கலந்து விதைத்த காலம், நடுவில் அவரையும் கடுகும் முளைத்தது, பயிருக்குள் தானாக வந்த கீரைகளைப் பறித்துக் களிக்குக் கடைந்தது, பன்றியும் யானையும் வராமல் பரணில் கண்விழித்தது என்று பேச்சு போகும். கிழங்கு என்று ஆரம்பித்தால் நிற்கவே நிற்காது. நூரைக் கிழங்கை எந்த மாதம் தோண்டலாம், கொடி காய்ந்துபோனால் எதை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பது, கிழங்கை வெட்டி எடுத்த பிறகு கொடியோடு இருக்கும் தலைப்பகுதியைத் திரும்பக் குழியில் வைத்து மண் மூடவேண்டும் என்பது வரை சொல்வார்கள். அடுத்த மழைக்கு அது மறுபடி தளிர்க்கும்.

சட்டத்தைப் படித்த ஒரு வக்கீல் அக்கா இந்தப் பதிவுகளைக் கேட்டார். "இதெல்லாம் சாட்சி, தெரியுமா?" என்றார். விதி 13-ஐக் காட்டினார். அரசுக் கடுதாசி மட்டுமே ஆதாரம் என்று சட்டம் சொல்லவில்லை. மனு போடுபவர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் கொடுத்தால் அது ஆதாரம். மயானம், கோயில் காடு, பழைய கட்டுமானத்தின் மிச்சம், நீர்நிலை எல்லாமே ஆதாரம். ஒவ்வொரு பாட்டியும் "அந்த ஓடைக்கு மேல இருக்கிற வழுக்குப் பாறை", "பலா நிற்கிற மேடு" என்று இடத்தின் பெயரைச் சொல்லாமல் ஒரு உணவைப் பற்றிக்கூடப் பேசியிருக்கவில்லை. எங்கள் காட்டின் வரைபடம் அந்தப் பேச்சுக்குள் இருந்தது.

சரி, வேலையைத் தொடங்குவோம் என்றால் கிராம சபை என்ற முதல் படியிலேயே நின்றோம். எங்கள் ஊராட்சியில் பல ஊர்கள், அதில் இருளர் ஊர்கள் சில. ஊராட்சி முழுவதற்குமான கிராம சபையில் எங்கள் காட்டைப் பற்றி அதில் கால் வைக்காதவர்கள்தான் அதிகம் பேர் கை தூக்குவார்கள். இந்தச் சட்டத்துக்குக் கிராம சபை என்பது ஊர் அளவில், குக்கிராமத்தின் அளவில் கூடுவது. 2012-ல் வந்த திருத்த விதிகளில் 2-ஏ என்ற விதி, குக்கிராமங்களையும் வருவாய்க் கிராமமாகப் பதியப்படாத குடியிருப்புகளையும் அடையாளம் காணச் சொல்கிறது. ஒரு அலுவலகத்தில் இதை எடுத்துச் சொன்னபோது, "ஜனவரி 26, ஆகஸ்ட் 15 கிராம சபை தவிர வேறு கிராம சபை கிடையாதும்மா" என்று பதில் வந்தது. விதியை நகலெடுத்து மனுவோடு இணைத்துக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கினோம். அதற்கும் பதில் வரவில்லை. மாவட்ட அளவில் நேரில் போய் முறையிட்ட பிறகுதான் எங்கள் ஊருக்குத் தனியாகச் சபை கூட்ட ஒப்புக்கொண்டார்கள்.

சபையில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்கவேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் பெரும்பாலும் தேயிலை பறிக்கப் போகிறவர்கள், பகலில் கூட்டம் வைத்தால் அன்றைய கூலி போய்விடும். அதனால் ஞாயிறு மதியம் என்று முடிவு செய்து, நாலைந்து நாள் முன்பிருந்தே வானொலியில் சொன்னோம். மலையில் ஒரு சங்கடம் உண்டு. சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்பட்ட சக்தி பொதுவாக 100 வாட், கோபுரம் 30 மீட்டர். சமவெளியில் அது 10, 15 கிலோமீட்டர் போகும். இங்கே ஒரு மேடு குறுக்கே வந்தாலே அலை நின்றுவிடும். அலை எட்டாத பள்ளத்து வீடுகளுக்கு நிகழ்ச்சியை மெமரி கார்டில் போட்டுக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பவும் எங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது, எந்தப் படிவம் எதற்கு என்று விளக்குவதற்குத் தடை இல்லையே. ஒடிசாவின் நியம்கிரியில் சுரங்கம் வரலாமா என்ற முடிவை 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டதையும், 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்று சொன்னதையும் அந்த நாட்களில் விளக்கினோம். கிராம சபை என்பது கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் கூட்டம் இல்லை என்று எங்கள் ஊர் நம்பியதில் அந்த விளக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தச் சபையில் வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுத்தோம். பத்திலிருந்து பதினைந்து பேர் இருக்கலாம், மூன்றில் ஒரு பங்கு பெண்கள் கட்டாயம். எங்கள் குழுவில் பெண்கள் பாதிக்கும் மேல். கிழங்கு தெரிந்தவர்கள் அவர்கள்தானே.

அப்புறம் எல்லை நடை. பதிவுகளைத் திரும்பக் கேட்டு, இடப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, பெரியவர்களோடு ஒவ்வொரு இடமாக நடந்தோம். கைப்பேசி ஜிபிஎஸ்ஸில் புள்ளி எடுத்தோம். விதி 12-ஏ படி சரிபார்ப்புக்கு வருமாறு வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தோம். முதல் முறை யாரும் வரவில்லை. இதற்கும் விதியில் வழி இருக்கிறது. ஆள் வராமல் இருந்துவிட்டுப் பிறகு அதையே காரணமாகக் காட்டி ஆட்சேபித்தால், மனு மறு சரிபார்ப்புக்கு வரும். அப்போதும் வராவிட்டால் கிராம சபையின் முடிவே இறுதி. இந்த வரியைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் போட்டோம். வந்தார்கள்.

அன்று பழைய ஊர் இருந்த மேட்டுக்குப் போனோம். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் அங்கிருந்து கீழே இறக்கப்பட்டோம் என்பது எல்லோரும் சொல்லிக் கேட்டது. இப்போது அங்கே வீடு இல்லை, உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. கூட வந்த பாட்டி புதரை விலக்கிக்கொண்டு நேராக ஒரு பாறைக்குப் போனார். சருகை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். உள்ளே முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி, ஓரம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. "இது எங்க மாமியார் சாமை குத்துன குழி. இது அவங்க நாத்தனாருடையது" என்று கைவைத்துக் காட்டினார். வந்திருந்த வனவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே டேப் பிடித்து அளந்து, படம் எடுத்து, சரிபார்ப்புத் தாளில் குறிப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

அடுத்தது தேன் பாறை. பெருந்தேனீ கூடு கட்டும் அந்தப் பாறையில் எங்கள் ஊரும் தேன் எடுக்கிறது, பக்கத்துக் குறும்பர் ஊரும் எடுக்கிறது. படிவம் சி-யில் எல்லை போடும்போது அது யாருடையது என்ற கேள்வி வந்தது. வெளியாட்களுக்கு இது தகராறு போலத் தெரியலாம். இரண்டு ஊர் வன உரிமைக் குழுவும் சேர்ந்து உட்கார்ந்து பேசி எழுத்தில் தரவேண்டும் என்று விதி சொல்கிறது, அப்படியே உட்கார்ந்தோம். தேன் எடுக்கத் தொங்கும்போது மேலே கயிற்றுக்குக் காவல் இருப்பது மச்சான், மனைவியின் உடன்பிறந்தவன். தன் தங்கை தாலி இழக்கக்கூடாது என்று அவன் கயிற்றை விடமாட்டான். அந்த நம்பிக்கையைப் பற்றி இரண்டு ஊர்ப் பெரியவர்களும் மாறி மாறிப் பேசினார்கள், எந்தக் கூட்டை யார் எடுப்பது, எவ்வளவு மிச்சம் விடுவது என்பதில் இருந்த பழைய ஏற்பாடும் அந்தப் பேச்சில் வெளியே வந்தது. பாறை இரண்டு ஊருக்கும் பொது என்று இரண்டு மனுவிலும் எழுதினோம். படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறது, பலருக்கு அது தெரியாது.

கிராம சபை தீர்மானத்தோடு மனு உட்கோட்ட அளவிலான குழுவுக்குப் போனது. அங்கிருந்து திரும்பியது. 75 வருட ஆதாரம் வேண்டும், செயற்கைக்கோள் படத்தில் பயன்பாடு தெரியவில்லை என்று இரண்டு காரணம் சொல்லியிருந்தார்கள். இரண்டுமே நிற்காது. மூன்று தலைமுறை, 75 வருடம் என்பது பழங்குடி அல்லாத பாரம்பரிய வனவாசிகளுக்கு உள்ள நிபந்தனை, எங்களுக்கு இல்லை. செயற்கைக்கோள் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணையாக இருக்கலாமே தவிர அவற்றுக்கு மாற்றாகாது என்று 2012 திருத்தத்திலேயே இருக்கிறது. கிழங்கு தோண்டுவது வானத்திலிருந்து எப்படித் தெரியும்? கிழங்கின் தலைப்பகுதியை மண்ணில் வைத்து மூடிவிட்டு வருகிறவர்கள் நாங்கள். வாக்குமூலங்களை எழுத்தில் பெயர்த்து, பேசிய பெரியவர்களிடம் படித்துக் காட்டி, கைரேகை வாங்கி, ஒலிப்பதிவின் பிரதியோடு மறுபடி கொடுத்தோம்.

அடுத்து மனு போன மாவட்ட அளவிலான குழுவில் பரப்பைக் குறைக்கும் பேச்சு எழுந்தது. மேல் குழுவுக்கு மனு முழுமையாக இல்லை என்று தோன்றினால், தானே திருத்தவோ நிராகரிக்கவோ கூடாது, கிராம சபைக்கே திருப்பி அனுப்பவேண்டும். காரணத்தையும் எழுத்தில் தரவேண்டும். இதை எங்கள் ஊர்த் தலைவரான மூப்பர் அந்தக் கூட்டத்தில் நின்று சொன்னார். வானொலியில் அந்த விதியை நாங்கள் விளக்கிய அதே வார்த்தைகளில் சொன்னார். மனு ஊருக்குத் திரும்பியது, சபை மறுபடி கூடி அதே எல்லையை உறுதி செய்தது.

கடைசியில் உரிமைச் சான்று வந்தது. ஆட்சியர், மாவட்ட வன அலுவலர், பழங்குடியினர் நல அலுவலர் மூவரின் கையெழுத்தும் இருக்கிறது. கிழங்கு மேடு, பழைய ஊர், தேன் பாறை மூன்றும் எல்லைக்குள் இருக்கின்றன. ஒரு ஓடைக்கரை விடுபட்டுவிட்டது, கீரையும் மீனும் கிடைக்கும் நல்ல இடம் அது. அதற்காக மாநில அளவிலான கண்காணிப்புக் குழுவுக்கு எழுதியிருக்கிறோம்.

காட்டை எங்களிடம் கொடுத்தால் அழிந்துவிடும் என்று பேசுகிறவர்களுக்கு ஒரு பதில் சொல்லவேண்டும். இந்த உரிமையை விற்க முடியாது, வேட்டை இதில் சேராது, காட்டையும் உயிர்களையும் நீரையும் காப்பது சட்டத்தின் 5-ஆம் பிரிவில் கிராம சபையின் அதிகாரமாகவே இருக்கிறது. எங்கள் ஊர் முதலில் எடுத்த முடிவே, தேன் பாறையின் ஒரு பக்கத்தை இந்தப் பருவம் தொடுவதில்லை என்பதுதான். குறும்பர் ஊரும் ஒப்புக்கொண்டது. நெல்லிக்காயும் கடுக்காயும் தேனும் கொண்டுபோக வழிச்சீட்டை இப்போது எங்கள் கிராம சபை அமைத்த நிர்வாகக் குழுவே கொடுக்கலாம், அதற்கான புத்தகம் அச்சுக்குப் போயிருக்கிறது.

வேறு ஊர்களிலிருந்து வானொலி நிலையத்துக்கு வந்து கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். எந்த மனு கொடுத்தாலும் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், வாய்மொழியாக வரும் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். படிவம் ஏ கிடைத்ததோடு நிறுத்தாதீர்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் என்ன சாப்பிட்டார்கள், அதை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று இப்போதே கேட்டுப் பதிவு செய்து வையுங்கள். அதற்கு வானொலி நிலையம் தேவையில்லை, ஒரு கைப்பேசி போதும்.