ஃபார்மலின் வாசனை

மூடியைத் திருகும்போதே தெரிந்துவிடும். மூக்கில் சுருக்கென்று ஏறும், கண் கரிக்கும். அந்த வாசனை வந்துவிட்டால் டப்பாவை மறுபடி மூடி மேசை ஓரத்தில் வைத்துவிடுவேன். அதற்குமேல் எனக்கு அதில் வேலை இல்லை. ஃபார்மலின் சதையை அழுகாமல் காக்கும், செல்களைக் கொன்றுவிடும். கட்டியை வெட்டிப் பரிசோதிக்கிறவர்களுக்கு அது பொருத்தமான திரவம். குரோமோசோம் பார்க்கிறவளுக்கு உயிருள்ள செல் வேண்டும். செல் இரண்டாகப் பிளக்கப் போகும் தருவாயில்தான் குரோமோசோம்கள் தடித்துத் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். செத்த செல் பிளப்பதில்லை.

அந்த டப்பாவில் இருப்பது ஒரு பெண்ணுக்கு மூன்றாவது முறையோ நான்காவது முறையோ கலைந்த கரு. அவள் பப்பாளி தின்றாளா, எந்தப் படியில் ஏறினாள், யார் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனாள் என்று வீட்டில் விசாரணை நடந்துகொண்டிருக்கும். உண்மையான விடை இருந்திருக்கக்கூடிய பொருளை ஒரு கை ஃபார்மலினில் முக்கிவிட்டது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எல்லாச் சதைக்கும் ஃபார்மலின் ஊற்றிப் பழகிய கை அது. ஆனாலும் எனக்குக் கோபம் வருகிறது. புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் குரோமோசோம் எண்ணும் வேலைக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கோபம் இன்னும் பழகவில்லை.

எங்களுக்கு மாதிரிகள் கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்து மகப்பேறு மருத்துவமனைகளிலிருந்து வருகின்றன. பெரும்பாலும் பஸ்ஸில்தான். மஞ்சக்குப்பத்தில் ஏறும் பையன் தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், அரியாங்குப்பம் தாண்டி வந்து இறங்குவான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியாது.

சரியாக வந்த மாதிரி சலைன் என்ற உப்பு நீரில் மிதந்துகொண்டிருக்கும். அதைக் கண்ணாடித் தட்டில் கொட்டி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் இரண்டு விதமான சதை தெரியும். ஒன்று கருப்பையின் உட்சுவர், தாயினுடையது, தடித்து, வடிவமில்லாமல் கிடக்கும். மற்றது நஞ்சுக்கொடியாக வளர வேண்டிய திசு; கருவினுடையது. நீரில் அலசினால் வெள்ளையாக, கிளைகிளையாக, குளத்துப் பாசி விரிவதுபோல் விரியும். இரத்தக் கட்டிகளுக்கு நடுவே இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு அந்த வெள்ளையை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். சில நாள் முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. மாலையில் வந்த சிறிய மாதிரி. பிரித்தேன் என்று நினைத்து வளர்த்தேன். நன்றாக வளர்ந்தது. எண்ணிய 20 செல்களிலும் இருக்க வேண்டிய 46 குரோமோசோம்கள், பெண்ணுக்குரிய இரண்டு எக்ஸ், எந்தக் குறையும் இல்லை. இயல்பு என்று அறிக்கை போயிற்று. அதை வாங்க அந்தப் பெண்ணே வந்திருந்தாள். தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அப்படியென்றால் குழந்தை நன்றாகத்தான் இருந்திருக்கிறது. என் உடம்புதான் தாங்கவில்லை, இல்லையா மேடம்?" மருத்துவரிடம் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து, மீதம் வைத்திருந்த திசுவை எங்கள் மூத்தவர் எடுத்துப் பார்த்தார். அதில் வெள்ளைக் கிளை ஒன்றுகூட இல்லை. நான் வளர்த்தது அவளுடைய சொந்தச் செல்களை. அவளுடைய குரோமோசோம்களையே எண்ணி, உன் குழந்தை நன்றாக இருந்தது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். திருத்திய அறிக்கை அனுப்பினோம். அவள் கொடுத்திருந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. மருத்துவமனைக்கும் அவள் திரும்ப வரவில்லை. அந்தக் கேள்வியோடு அவள் எங்கோ வாழ்ந்துகொண்டிருப்பாள் என்பது என்னை விட்டுப் போகவில்லை. இப்போது தாயின் இரத்தம் 2 மில்லிலிட்டர் கூடவே வாங்கி, வளர்ந்தது யாருடைய செல் என்று டி.என்.ஏ. வைத்து ஒப்பிட்ட பிறகுதான் கையெழுத்திடுகிறோம்.

முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதி, குரோமோசோம் எண்ணிக்கை பிசகியவை. ஒன்று கூடும், அல்லது குறையும். இரண்டாக இருக்க வேண்டிய 16-ஆம் குரோமோசோம் மூன்றாக வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் முட்டை முதிரும்போது நேரும் பிசகு இது. ஒரு பெண்ணின் முட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பாதிப் பிளப்பில் நின்று, பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. காத்திருப்பு நீள நீளக் குரோமோசோம்களைப் பிணைத்திருக்கும் கட்டு தளர்கிறது. 35 வயதுக்குப் பிறகு கருக்கலைவு கூடுவதற்கு இது முக்கியக் காரணம். படி ஏறியதற்கும் பப்பாளிக்கும் இதில் பங்கே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற ஜீனில் மாற்றம் இருக்கிறது என்று ஒரு தாளை எடுத்துக்கொண்டு அழுதபடி வருகிறார்கள். அந்த மாற்றம் ஊரில் பலருக்கு இருக்கிறது; பிள்ளை பெற்றவர்களுக்கும் இருக்கிறது. கருக்கலைவுக்காக அதைப் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல்களின் நிலை. திரும்பத் திரும்பக் கரு கலைந்தால் தவறாமல் பார்க்க வேண்டியது பரம்பரையாக வராத ஒன்று: இரத்தத்தை உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள். 12 வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்து உறுதியானால், உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுத்துப் பல கருக்களைக் காப்பாற்றலாம். அதைப் பார்க்காமல், ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஒன்றுக்கும் உதவாத ஜீன் பட்டியலைக் கையில் கொடுப்பது அநியாயம்.

இனி நான் மறக்க முடியாத ஒரு டப்பா. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடலூர்ப் பக்கத்துப் பெண், 26 வயது. மூன்று முறை பத்து வாரத்துக்குள் இதயத்துடிப்பு நின்றுவிட்டது. அந்த மூன்றும் பரிசோதனைக்கு வரவே இல்லை. நான்காவது சலைனில் வந்தது. வெள்ளைக் கிளைகள் நிறைய இருந்தன. எண்ணினேன்: 46. ஆணுக்குரிய ஒய் குரோமோசோம் இருந்தது, எனவே தாயின் செல் அல்ல. எண்ணிக்கையோடு நிறுத்தியிருந்தால் இதையும் இயல்பு என்று எழுதியிருப்பேன். சாயம் ஏற்றிய குரோமோசோம்களில் தெரியும் பட்டைகளை ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. 13-ஆம் குரோமோசோமும் 14-ஆம் குரோமோசோமும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே துண்டாக நின்றன. அது போக இன்னும் இரண்டு 14. மொத்தம் சரி, உள்ளே 14 மட்டும் மூன்று. அப்படிப்பட்ட கரு நிலைக்காது.

கணவன், மனைவி இருவரின் இரத்தத்தையும் கேட்டோம். ஒட்டு யாரிடமிருந்தும் வந்திருக்கலாம். பல வீடுகளில் மனைவியின் குழாய் மட்டும் வரும். இவர் தயங்காமல் கையை நீட்டினார். இரத்தச் செல்களைப் பிளக்கத் தூண்ட ராஜ்மா பயறிலிருந்து எடுத்த ஒரு புரதத்தைச் சேர்ப்போம். 72 மணி நேரம் உடல் சூட்டில் வைத்துவிட்டு, பிளப்பை நடுவழியில் நிறுத்தக் கோல்ச்சிசின் இனத்து மருந்தை விடுவோம். நம் செங்காந்தள் கிழங்கில் இருக்கும் நஞ்சு அந்தக் கோல்ச்சிசின்தான். ஒவ்வொரு முறை விடும்போதும் வேலியில் பூத்த அந்தப் பூ நினைவுக்கு வரும். கணவருக்கு 46. மனைவிக்கு 45.

அவளுக்கு எந்த நோயும் இல்லை. ஒரு புத்தகத்தின் 13-ஆம் பாகத்தையும் 14-ஆம் பாகத்தையும் ஒரே அட்டைக்குள் பைண்டு செய்ததுபோல. படிக்க வேண்டிய பக்கம் எதுவும் குறையவில்லை. பிள்ளைக்குப் பங்கு பிரிக்கும்போதுதான் சிக்கல். ஆறு விதமாகப் பிரியலாம்; இரண்டில் பிள்ளை நலமாக இருக்கும். ஆனால் ஆறும் சம அளவில் வருவதில்லை. நல்ல பங்கீடே அதிகம். ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்த வகை ஒட்டு இருக்கிறது. அவர்களில் பலர் தெரியாமலேயே பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதிகளை எடுத்துக்கொண்டால், நூறு தம்பதிகளில் மூன்று முதல் ஐந்து தம்பதிகளுக்கு, கணவன் மனைவி இருவரில் ஒருவரிடம் ஏதோ ஒரு குரோமோசோம் இடமாற்றம் இருக்கும்.

மருத்துவர் இதையெல்லாம் அவர்களுக்கு விளக்கும்போது நானும் உடன் இருந்தேன். சொந்தத்தில் கட்டிக்கொண்டதால் வந்ததா என்று கணவர் கேட்டார். இல்லை, சொந்தத்தில் கட்டியதால் வேறு நோய்கள் வரலாம், இந்த ஒட்டு அதனால் வராது என்றார் மருத்துவர். பெண்ணின் அம்மா அதுவரை பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "எனக்கும் நான்கு போயிற்று. இவளும் இவள் தம்பியும்தான் தங்கினார்கள்."

அவருடைய இரத்தத்தையும் எடுத்தோம். அவருக்கும் 45.

அறிக்கை வாங்க வந்தவர், படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். திரையில் காட்டினேன். வரிசையாக அடுக்கிய குரோமோசோம்களில் 13-க்கும் 14-க்கும் ஒவ்வொன்றுதான் தனியாக நின்றது. பக்கத்தில் ஒட்டிக்கொண்ட அந்தத் துண்டு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தார்.

"இது எப்போதிலிருந்து இருக்கிறது?"

"நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தேம்மா."

"அப்போது கரும்புக் கட்டுத் தூக்கியதால் இல்லையா?"

"இல்லைம்மா."

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போன காலத்தைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் மாமியார் செத்துப் பதினொரு வருடம் ஆகிறது" என்றார். தாளை நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு மகளோடு போனார்.

அந்த மகளுக்கு இனி வழி தெரியும். அடுத்த கருவை 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவிலோ 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலோ பார்த்துக்கொள்ளலாம். செலவு தாங்குமானால் கருவை உடலுக்கு வெளியே உருவாக்கி, நல்லதைத் தேர்ந்து கருப்பையில் வைக்கலாம். எதுவும் இல்லாமல் காத்திருந்தே பெற்றுக்கொள்கிறவர்களும் உண்டு. அவளுடைய அம்மா இரண்டு பெற்றார்.

அந்த ஆண்டிலிருந்து சிறிய பாட்டில்களில் சலைன் நிரப்பி நானே ஒரு சீட்டு ஒட்டி, பஸ்ஸில் பெட்டி கொண்டுவரும் அந்தப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். "கருத்திசு. ஃபார்மலின் வேண்டாம். உறைய வைக்க வேண்டாம். தாயின் இரத்தம் 2 மி.லி. சேர்த்து, அன்றே அனுப்பவும்." இரண்டு மாதம் சரியாக வரும். அங்கே செவிலியர் மாறுவார். மறுபடி அந்த வாசனை வரும். மறுபடி போன் செய்வேன். சலித்துக்கொண்டு பேசுகிறவர்கள் உண்டு. அக்கா, எழுதி ஒட்டிவிட்டேன் என்று சொல்கிறவர்களும் உண்டு.

போன வியாழக்கிழமை கடைசிப் பெட்டி வந்தபோது மணி ஆறு. எங்கள் சீட்டின் கீழே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்: "சலைன்தான். பிற்பகல் 2.20." மூடியைத் திருகினேன். வாசனை எதுவும் இல்லை. இன்று தாமதமாக வருவேன் என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டு, விளக்கைப் போட்டுத் தட்டை எடுத்து வைத்தேன்.