பெஞ்சுல இருக்கவங்க கணக்குல இல்ல

சிங்கப்பூர்ல கிறிஸ்தவங்க கூடிட்டாங்களா குறைஞ்சிட்டாங்களான்னு யாராவது கேட்டா, எந்த சிங்கப்பூர், யாரோட கணக்குன்னு நான் திருப்பிக் கேக்க ஆரம்பிச்சிட்டேன். எரிச்சலா இருக்கும்னு தெரியும். ஆனா எங்க சபை வாட்சப் குரூப்புல அடிக்கடி ஒரு நம்பர் சுத்துது, 18.9 சதவீதம்னு, கீழ வரிசையா அல்லேலூயா, கைகூப்புற எமோஜி. அந்த நம்பர் பொய் இல்ல. 2020 சென்சஸ்ல வந்ததுதான். ஆனா அத வச்சு நம்ம தமிழ் சபை வளருதுன்னு எடுத்துக்கிட்டா அங்கதான் இடிக்குது.

முதல்ல நம்பரையே பாத்துருவோம். 1990ல கிறிஸ்தவங்க 12.7 சதவீதம், 2000ல 14.6, 2010ல 18.3, 2020ல 18.9. அதாவது நடுவுல ஒரு பத்து வருசம் சர்ருனு ஏறி, கடைசி பத்து வருசத்துல ஏற்றம் ஒரு புள்ளிகூட இல்ல, கிட்டத்தட்ட நின்னுபோச்சு. அதே பத்து வருசத்துல மதமே இல்லன்னு சொன்னவங்க 17லேர்ந்து 20 சதவீதம். வயசு குறைய குறைய இந்த கூட்டம் கூடுது, பதினஞ்சுலேர்ந்து இருபத்தி நாலுக்குள்ள இருக்க பிள்ளைங்கள்ல கால்வாசி பேரு பக்கம் அப்படித்தான் சொல்லிருக்காங்க. ஆக 18.9ன்னு கொண்டாடுறவங்க பக்கத்துலயே இருக்க 20ஐயும் ஒரு எட்டு பாக்கணும்ல.

இன்னொரு விஷயம், இதுதான் நெறைய பேருக்கு தெரியாது. சென்சஸ்ல மதம் கேட்டது சிட்டிசன், பிஆர் (நிரந்தரவாசி) ரெண்டு பேருகிட்ட மட்டும்தான், அதுவும் பதினஞ்சு வயசுக்கு மேல. 2020ல சிங்கப்பூர்ல மொத்தம் கிட்டத்தட்ட 57 லட்சம் பேரு, அதுல சிட்டிசனும் பிஆரும் 40 லட்சம். மிச்சம் இருக்க பதினாறு லட்சத்துக்கு மேல ஆளுங்க, உடலுழைப்பு வேலைக்கு வேர்க் பர்மிட், நடுத்தர வேலைக்கு எஸ் பாஸ், பெரிய வேலைக்கு ஈபி, அவங்க குடும்பத்துக்கு டிபென்டன்ட் பாஸ், படிக்க ஸ்டூடண்ட் பாஸ்னு வந்தவங்க, வீட்டு வேலைக்கு வந்த அக்காமாருங்க எல்லாரும் இந்த சதவீதக் கணக்குல கிடையாது.

இப்ப எங்க சபைக்கு வாங்க. பேரு வேணாம், தமிழ் சபை, காலைல ஆராதனை. முன்னாடி மூணு வரிசை லோக்கல் பெரியவங்க, எங்க அத்தை, அவங்க கூட்டாளிங்க, கையில பெரிய எழுத்து பைபிள், கீர்த்தனை புஸ்தகம் பாக்காமலே பாடுவாங்க. நடுவுல எஸ் பாஸ், ஈபி குடும்பங்க, சின்ன சின்ன பிள்ளைங்களோட, நாசரேத், பாளையங்கோட்டை, மார்த்தாண்டம், தூத்துக்குடி, எல்லா ஊரு பேச்சும் கேக்கும். பின்னாடி பெஞ்சு பூரா தம்பிங்க, கப்பல் பட்டறையிலயும் கட்டட வேலையிலயும் இருக்கவங்க, சனிக்கிழமை ராத்திரி ஓவர்டைம் முடிச்சிட்டு அப்படியே குளிச்சிட்டு சட்டைய அயர்ன் பண்ணி போட்டுட்டு மேற்குக் கோடியில இருக்க துவாஸ்லேர்ந்து பஸ்ஸு மாறி வர்ற தம்பிங்க. ஓவர்டைம் இருக்கிற வாரம் அந்த ரெண்டு பெஞ்சும் வெறிச்சோடி கிடக்கும். காணிக்கை எடுக்குறப்ப கதவுகிட்ட நிக்குற அங்கிள் கையில ஒரு கிளிக்கர் வச்சிருப்பாரு, டக்கு டக்குனு அமுக்கிட்டே வருவாரு, அந்த நம்பர்தான் அடுத்த வாரம் புல்லட்டின்ல வருகைன்னு வரும். அந்த கிளிக்கர் யாரு என்ன பாஸுன்னு கேக்காது, எல்லாரும் ஒரு டக்குதான்.

ஆக கூட்டம் இருக்கு. ஆனா பெஞ்சுல இருக்கவங்கள்ல பாதிக்கு மேல சென்சஸ்ல இல்ல. சென்சஸ்ல தமிழ் கிறிஸ்தவங்களா இருக்கவங்கள்ல நெறைய பேரு எங்க பெஞ்சுல இல்ல. இங்க இந்தியர்கள்ல சுமாரா எட்டுல ஒருத்தர் கிறிஸ்தவங்க, சரி, அவங்கள்லாம் ஞாயித்துக்கிழமை எங்க போறாங்க?

எங்க வீட்டையே சொல்றேன். நான் நாகர்கோவில் பக்கத்துலேர்ந்து கல்யாணம் ஆகி வந்தவ, வீட்டுக்காரரு இங்கயே பொறந்தவரு. அவரோட அண்ணன் தங்கச்சி எல்லாரும் தமிழ் சபையில ஞானஸ்நானம் எடுத்து, ஓய்வுநாள் பள்ளி போயி, திடப்படுத்தல் முடிச்சவங்க. இப்ப ஒருத்தர் விடாம இங்கிலீஷ் சர்ச்சு. சண்டை ஒண்ணும் இல்ல, பிள்ளைங்களுக்கு பிரசங்கம் புரியல, அவ்ளோதான். என் மூத்தவன் பதிமூணு வயசுல செகண்டரி ஒண்ணு போனதும் ஒருநாள் கேட்டான், மா, பாஸ்டர் பேசுறது எனக்கு நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு, நீங்க வீட்டுல பேசுற தமிழே இல்லையே அதுன்னு. நான் என்ன சொல்ல. இப்ப அவன் ஃப்ரெண்டோட வேற சர்ச்சுக்கு போறான், அங்க அவன் வயசு பிள்ளைங்களே நூத்துக்கணக்குல இருக்காங்க, டிரம்ஸ், லைட்டு, செல் குரூப்பு. போறானே அதுவே ஸ்தோத்திரம்னு நெனச்சுக்குறேன். அத்தைக்கு மட்டும் மனசு ஆறல.

இதுக்கும் சென்சஸ்ல பதில் இருக்கு, மதப் பக்கத்துல இல்ல, மொழிப் பக்கத்துல. வீட்டுல அதிகமா பேசுறது தமிழ்ன்னு சொன்னவங்க 2010ல 3.3 சதவீதம், 2020ல 2.5. இங்கிலீஷ் 32.3லேர்ந்து 48.3. இதுக்கு சபை என்ன பண்ணும் சொல்லுங்க. ஜெபம் பண்றதால ஒரு பிள்ளை தமிழ்ல கனவு காணாது.

எடமும் ஒரு காரணம். பழைய தமிழ் சபைங்க எங்க இருக்குன்னு மேப்புல பாருங்க. ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபை 1887ல ஆரம்பிச்சது. ஓஃபிர் ரோட்டுல லூர்து மாதா கோவில், தமிழ் கத்தோலிக்கருக்காக கட்டி 1888ல முடிச்சது. டோர்செட் ரோட்டுல ஆங்கிலிக்கன் கிறைஸ்ட் சர்ச். மூணையும் சிராங்கூன் ரோட்டுலேர்ந்து நடந்தே சுத்தி வந்துரலாம். ஆளுங்க அங்க இருந்தாங்க, சபையும் அங்க இருந்துச்சு. அப்புறம் ஹெச்டிபி, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு, வந்து எல்லாரும் அங் மோ கியோ, ஈசூன், பிடோக்னு பிரிஞ்சாங்க, 1989லேர்ந்து ஒவ்வொரு பிளாக்குலயும் எந்த இனம் எவ்ளோன்னு அளவு வேற வந்துருச்சு. அந்த விதிய நான் குறை சொல்லல, நல்லதுக்குத்தான், ஆனா அதுக்கப்புறம் தமிழ் பேட்டைன்னு ஒண்ணு புதுசா உருவாக வழியே இல்ல. பங்கு, சேகரம்னு ஊர்ல சொல்ற மாதிரி சபைய சுத்தி வீடு, வீட்டை சுத்தி சபைங்கறது இங்க முடிஞ்ச கதை. ஞாயித்துக்கிழமை எல்லாரும் எம்ஆர்டி ரயில் புடிச்சுதான் ஒண்ணு சேரணும். பக்கத்து பிளாக்குல இருந்து பத்து நிமிசத்துல போற இங்கிலீஷ் சர்ச்சோட இது எப்படி போட்டி போடும்.

சரி, பின் பெஞ்சுக்கு ஆள் வந்துட்டேதான இருக்காங்க, அப்புறம் என்ன கவலைன்னு கேப்பீங்க. அங்கதான் எனக்கு ரெண்டு யோசனை.

ஒண்ணு, வர்றவங்க தங்குறதில்ல. எங்க பாடகர் குழுவுல நல்லா டெனர் பாடுற தம்பி ஒருத்தன் ஈபில இருந்தான், கம்பெனி ரினியூ பண்ணல, ஒரே மாசத்துல குடும்பத்தோட ஊருக்கு போயாச்சு. 2023 செப்டம்பர்லேர்ந்து புது ஈபிக்கு கம்பாஸ்னு புள்ளி முறை வந்துச்சு, 2025 ஜனவரிலேர்ந்து புதுசா ஈபி எடுக்க குறைஞ்ச மாசச் சம்பளத்தையே 5,600 சிங்கப்பூர் வெள்ளியாக்கினாங்க. மனிதவள அமைச்சு ஒரு விதிய மாத்தினா எங்க கிறிஸ்மஸ் கேரல்ல ரெண்டு குரல் குறையுது, ஓய்வுநாள் பள்ளியில ஒரு டீச்சர் குறையுறாங்க. இத எந்த ஊழிய அறிக்கையிலயும் எழுத மாட்டாங்க.

ரெண்டாவது, ஊரு. எப்பவும் ஆளு அனுப்பிட்டே இருக்கும்னு நெனைக்கிறோம் பாருங்க, அது எத்தன நாளைக்கு. 2011 கணக்குல தமிழ்நாட்டுல கிறிஸ்தவங்க 6.12 சதவீதம், சுமார் 44 லட்சம் பேரு. எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல மட்டும் 46.85 சதவீதம், கிட்டத்தட்ட பாதி. மாநில விகிதம் அதுக்கு முந்தின பத்து வருசத்துல பெருசா அசையல. ஆனா நான் ஊருக்குப் போனா பாக்குறது என்னன்னா, சபை கட்டடம் பெருசாகிட்டே போகுது, டைல்ஸ், ஏசி, கோபுரம் எல்லாம், உள்ள உக்காந்திருக்கது பூரா அம்மாமாரும் அப்பாமாரும். பிள்ளைங்க துபாய், பெங்களூரு, கனடா. டிசம்பர் கடைசி வாரம் மட்டும் உக்கார எடம் இருக்காது. வீட்டுக்கு ஒண்ணு ரெண்டு பிள்ளைதான் இப்ப.

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல இது நம்பராவே வந்துருச்சு. கிறிஸ்தவங்க 2001ல 19.02 சதவீதம், 2011ல 18.38. பத்தனம்திட்டா மாவட்டத்துல, பெரிய பெரிய சுரியானி கிறிஸ்தவ குடும்பங்க இருக்க ஊரு, மொத்த ஜனத்தொகையே 12.34 லட்சத்துலேர்ந்து 11.97 லட்சமா குறைஞ்சிருச்சு. பிறப்பு கம்மி, மிச்சம் பேரு வெளிநாடு. அப்ப அவங்க சபை அழிஞ்சு போச்சான்னா இல்ல, எடம் மாறிருச்சு. இங்கிலாந்துல பிரஸ்டன்னு ஒரு ஊரு, அங்க ஆள் குறைஞ்சு மூடின ஒரு கத்தோலிக்க கோவிலைத்தான் கேரளா சீரோ மலபார் கத்தோலிக்கருங்க எடுத்து இப்ப கதீட்ரலா வச்சிருக்காங்க. இங்கிலாந்தும் வேல்ஸும் சேத்து 2011ல 59.3 சதவீதம் கிறிஸ்தவங்க, 2021ல 46.2. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பெஞ்சுல கோட்டயத்து நர்ஸம்மா உக்காந்திருக்காங்க. அவங்க பிள்ளைங்க எங்க உக்காருவாங்கன்னு இன்னும் இருபது வருசம் கழிச்சு பாக்கணும், எங்க வீட்டுக் கதைதான் அங்கயும் ஓடும்னு எனக்கு ஒரு தோணல்.

பக்கத்துல மலேசியாவ வச்சு சிலர் பேசுவாங்க, அங்க 2020ல 9.1 சதவீதம், ஆனா சரவாக் மாநிலத்துல மட்டும் பாதி பேரு கிறிஸ்தவங்க. அது இபான், பிடாயூங்கற அந்த ஊரு பூர்வகுடி ஜனங்களோட கதை, கோலாலம்பூர் தமிழ் சபைக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு நாட்டுக்கு ஒரு நம்பர்ங்கறது இப்படித்தான் ஆள ஏமாத்தும்.

கோவிட பத்தி ஒரு வரி சொல்லணும். 2020 மார்ச் கடைசியில ஆராதனைய நிறுத்தினாங்க, எல்லாரும் யூடியூப்பு. திரும்ப திறந்தப்ப பெரியவங்கதான் முதல்ல ஓடி வந்தாங்க, நடுத்தர வயசுதான் வரல. இன்னும் சில பேரு வீட்டுல சோபாவுல உக்காந்து கோப்பி குடிச்சிட்டே திருவிருந்து ஆராதனை பாக்குறாங்க. அவங்கள கிளிக்கர் எண்ணாது, யூடியூப் எண்ணும், ரெண்டையும் கூட்டி வருகைன்னு போடுறதுல எனக்கு சம்மதம் இல்ல.

இப்ப எங்க சபையில பேச்சு என்னன்னா சாயங்காலம் ஒரு இங்கிலீஷ் ஆராதனை ஆரம்பிக்கலாமான்னு. அத்தை கூட்டணி வேணாம்னு சொல்லுது, தமிழ் சபைன்னு எதுக்கு போர்டு வச்சிருக்கோம்னு கேக்குறாங்க. நியாயந்தான். ஆனா நான் வேணும்ங்கற பக்கம். என் பையனுக்காக இல்ல, அவன் போயாச்சு, இனி வரமாட்டான். நடு பெஞ்சுல இருக்க எஸ் பாஸ் குடும்பத்துப் பிள்ளைங்களுக்காக. அதுங்க இப்ப பாலர் பள்ளியில கே ஒண்ணு, கே ரெண்டு. அதுல சில குடும்பத்துக்கு பிஆர் கிடைக்கும், பிள்ளை இங்கயே படிக்கும், ஆறாம் வகுப்பு பிஎஸ்எல்இ பரிட்சைக்கு டியூஷன் ஞாயித்துக்கிழமை வரும், பதிமூணு வயசுல அதே கேள்விய கேக்கும். நூறு வருசமா வர்ற முதல் தலைமுறைய அருமையா பாத்துக்கிட்டோம், டெங்கு காய்ச்சல்னா கஞ்சி கொண்டு போவோம், ஊருக்கு பொணம் அனுப்ப பணம் வசூல் பண்ணுவோம், அதுல எங்க சபைய அடிச்சுக்க ஆளில்ல. ரெண்டாவது தலைமுறைய வேற சர்ச்சுக்கு தாரை வாத்துட்டு, அடுத்த ஃப்ளைட்டுல வர்ற முதல் தலைமுறைக்காக காத்துட்டு இருக்கோம்.

அதனால வர்ற ஏஜிஎம்ல, சபையோட வருசாந்தர கூட்டத்துல, நான் ஒண்ணு கேக்கப்போறேன், வருகைன்னு ஒரே நம்பர் போடாதீங்க, சிட்டிசன் பிஆர் எவ்ளோ, பாஸ்ல இருக்கவங்க எவ்ளோ, போன வருசம் ஓய்வுநாள் பள்ளி முடிச்ச பிள்ளைங்கள்ல இப்ப எத்தன பேரு நம்மகிட்ட இருக்காங்க, மூணு வரியா போடுங்கன்னு. கிளிக்கர் அங்கிள்கிட்ட முன்னாடியே லேசா சொல்லி வச்சேன். மூணாவது வரிக்கு கிளிக்கரே தேவைப்படாதும்மான்னாரு.